சுதாவின் குரலில் பேசிய மகிழினி

என்னுடைய முதல் ஆன்லைன் வகுப்பு மாட்டுத் தொட்டியில் முடிந்தது. இதை உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வீடியோவில் இரண்டு வகுப்பு சரியாகப் போகவில்லை என்றதும் உங்களில் ஒருவர் என்னிடம் கண் கலங்கிவிட்டார். நான் பேச்சுப் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து, உருண்டு, கடி வாங்கி, முத்தமும் வாங்கி ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்ட நானும் ஒரு போனுக்கு முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தபோது, எதுவும் தெரியாதவளாகத்தான் உட்கார்ந்தேன்.

ஊரடங்கு சமயம். பஸ் கிடையாது. தஞ்சாவூரில் எங்கள் மையம் பூட்டிக் கிடந்தது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த சுதா, ஒருநாள் போன் செய்தாள்.

"மேடம், கத்துக்கிட்டதெல்லாம் இவ மறந்துட்டு வர்றா. வீடியோ கால்ல ஏதாவது பண்ண முடியுமா?"

மகள் மகிழினிக்கு அப்போது ஐந்து வயது. வாயில் ஒரு சொல் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள். அவ்வளவுதான் அவளுடைய பேச்சு. அப்பா குமரவேல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டையும் மகளையும் குத்தகைக்கு எடுத்த வயலையும் சுதா தனியாகப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் கொல்லையில் மாட்டுக்கொட்டகை ஓரம். அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுப் போனைச் சாய்த்து வைத்தாள் சுதா. "மேடத்தப் பாருடா, மேடத்தப் பாரு" என்று அவள் கெஞ்ச, இந்தப் பக்கம் நான் பொம்மையை ஆட்டிப் பாட்டுப் பாட, மகிழினி ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்து வந்தாள். போனைக் கையில் எடுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி வானம் தெரிந்தது, பிறகு கழுநீர் தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை.

போனைத் துடைத்து அரிசிக்குள் புதைத்துக் காயவைத்துவிட்டு, மறுநாள் சுதா கூப்பிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "மாடு உங்கள நக்கிப் பாத்துச்சு மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் அன்றோடு நிறுத்தியிருப்பேன்.

குழந்தையைத் திரைக்கு முன்னால் உட்காரவைக்கும் முயற்சியை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். திரை சுதாவுக்கு என்று வைத்துக்கொண்டோம். அவள் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வாள். போன் எட்டத்தில், மகிழினியின் கைக்கு எட்டாத மாடத்தில் இருக்கும். அம்மாவும் மகளும் விளையாடுவார்கள். நான் அங்கே இருப்பதே குழந்தைக்குத் தெரியாது. "இப்ப பேசாத சுதா, காத்திரு… அவ உன் கையப் பாக்குறா… இப்ப குடு" என்று அம்மாவின் காதில் மட்டும் பேசுவேன். மையத்துக்கு வந்து போன நாட்களில் மகிழினி என்னோடுதான் விளையாடினாள். இப்போது அவள் அம்மாவோடு விளையாடக் கற்றுக்கொண்டாள். உங்கள் முகத்தைக் குழந்தை பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். நம் முகம் அதற்குத் தேவையில்லை.

கொஞ்ச காலம் கழித்து, போனைவிடப் பெரிய திரையுள்ள ஒரு டேப் வாங்கச் சொன்னேன். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைச் சொல்லும் செயலி ஒன்றை அதில் போட்டோம். அதில் வந்த குரலோ ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது. மகிழினி டேப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால் எல்லாச் சொல்லையும் சுதாவின் குரலிலேயே பதிவு செய்தோம். "தண்ணி வேணும்." "சோறு வேணும்." "ஊஞ்சல்." கொல்லையில் "பிஸ்கட் வேணும், பிஸ்கட் வேணும்" என்று விடாமல் கேட்ட குரலைச் சுதாவுடையது என்று நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து வேலி வழியாக நீட்டினாராம். "என்ன தங்கச்சி, வீட்ல ஒண்ணும் இல்லையா?" என்று வேறு கேட்டாராம்.

சொற்கள் மெல்லக் கூடின. உடம்பு என்று ஒரு பக்கம் வந்தது. கை, கால், கண், காது. தோட்டம் என்று ஒரு பக்கத்தை மகிழினிக்காகவே சுதா செய்தாள். மழை நின்றதும் கொல்லையில் குத்தவைத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தை அவள். அந்தப் பக்கத்தில் தவளை, நத்தை, எறும்பு, பூச்சி எல்லாம் இருந்தன.

இதில் மகிழ்ச்சி இல்லாத ஒரே ஆள் குமரவேல். ஒருநாள் வகுப்பு நேரத்தில் அவரும் வீடியோவில் சேர்ந்துகொண்டார். பின்னால் இரண்டடுக்குக் கட்டில்கள் தெரிந்தன.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். பட்டன அமுக்கினா எல்லாம் கெடைக்கும்னா, அவ எதுக்கு வாயத் தொறக்கப் போறா?"

படத்தைத் தொட்டுப் பேசுவதால் வாய்ப்பேச்சு நின்றுபோன பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். பேச வருகிற பிள்ளைக்கு இது தடையில்லை, வராத பிள்ளைக்கு இதுவே பேச்சு என்றும் சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். அதில் சம்மதம் இல்லை, மரியாதை மட்டும்தான் இருந்தது. இந்த இரண்டு வகைச் 'சரிங்க'வையும் பிரித்துக் கேட்க நீங்கள் பழக வேண்டும். போனை வைக்கும் முன்பு அவர் வேறொன்றும் சொன்னார்.

"ரூம்ல எல்லாரும் சாயங்காலமானா பிள்ளைங்ககிட்ட பேசுவாங்க மேடம். 'அப்பா, அப்பா'ன்னு சத்தம் கேக்கும். நான் சுதாகிட்ட பேசிட்டு வச்சிடுவேன்."

அவர் கேட்டது சிகிச்சையைப் பற்றிய சந்தேகம் இல்லை என்று அப்போது புரிந்தது. ஒரு சொல்லுக்காக அந்த மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அவர் லீவில் வந்தார். சம்பா அறுப்பு நேரம். வந்த சில நாளிலேயே டேப்பை வாங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். வேறு வழியில்லை என்றால் வாய் திறப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை. சுதா சண்டை போடவில்லை. வருஷம் கழித்து வந்திருக்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கும் சொல்லவில்லை. "ஊர்ல அறுப்பு வேலை மேடம், அடுத்த வாரம் கிளாஸ் வச்சிக்கலாம்" என்று மட்டும் செய்தி அனுப்பினாள்.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள் ஒரு மதியம் போன் வந்தது. நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சுதாவின் குரலுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது.

"நேத்துலேர்ந்து இப்படித்தான் மேடம் கத்துறா. காதப் பொத்திக்கிட்டு செவுத்துல போய் முட்டிக்கிறா. அறுப்பு மெஷின் சத்தம் அவளுக்கு ஒத்துக்கல போலருக்கு."

இதைக் கேட்டதும் எனக்குள் பதில் தயாராகிவிட்டது. சத்தம் பொறுக்காத குழந்தை. அறுவடை மெஷின் வீட்டுக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறது. ஹெட்போனை மாட்டு, ஜன்னலைச் சாத்து, கனமான போர்வையைப் போர்த்து, தனியாக விடு. எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லிப் பலித்த பதில் அது. நம் வேலையில் அனுபவம் கூடக் கூட இப்படிப் பதில்கள் நாக்கு நுனியிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அலறல் நிற்கிற மாதிரி தெரியவில்லை. அந்தக் குழந்தை அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"வீடியோ போடும்மா. போனை எட்ட வச்சிட்டு நீயும் பேசாம இரு. நான் கொஞ்சம் பாக்கணும்."

பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது நேரிலேயே கஷ்டம். திரையில் அதைவிடக் கஷ்டம். நாம் அசையாமல் இருந்தால் நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். "மேடம், இருக்கீங்களா?" என்று சுதா கேட்டாள். இருக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் பார்த்தேன்.

மகிழினி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கியிருந்தாள். சத்தம் பிடிக்காதபோது அவள் இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதையும் பொத்துவாள். அது எனக்குத் தெரியும். இன்று ஒரு பக்கத்தை மட்டும் முஷ்டியால் குத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தையே சுவரில் வைத்துத் தேய்த்தாள். இன்னொரு காதை அவள் தொடவே இல்லை. சற்று நேரம் அடங்குவாள், பிறகு திடீரென்று துள்ளிக் கத்துவாள். அவள் அடங்குகிற இடைவெளிகளில் அந்த வீட்டில் கோழி கூவுவது கூட எனக்குக் கேட்டது.

"மெஷின் இப்ப ஓடுதாம்மா?"

"இல்ல மேடம். நம்ம வயல முடிச்சிட்டு நேத்தே ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு."

"ஹெட்போன் போட்டுப் பாத்தியா?"

"போட்டேன். புடுங்கி எறிஞ்சிட்டா. எப்பவும் கேட்டு வாங்கிப் போட்டுக்குவா."

"டேப்பக் குடுத்துக் கேட்டியா, என்ன பண்ணுதுன்னு?"

சுதா திரைக்கு வெளியே யாரையோ பார்த்தாள். அங்கிருந்து குமரவேலின் குரல் வந்தது.

"அது என்கிட்ட இருக்கு மேடம்."

அவர் வந்து சுதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கியிருக்கவில்லை. "இப்ப அதக் குடுத்தா உடனே அடங்கிடுவா. அதாங்க நான் சொல்றது. அதுக்கு அடிமையாயிட்டா. அதுக்காகத்தான் இந்த ஆர்ப்பாட்டமே."

'நீங்கள் பீரோவில் பூட்டி வைத்திருப்பது உங்கள் மகளின் வாயை' என்று ஒரு வாக்கியம் எனக்குத் தொண்டை வரை வந்தது. நல்ல வாக்கியம்தான், உண்மையும்கூட. சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார், சாவியும் அவரோடு போயிருக்கும். கோபத்தில் நமக்கு வருகிற நல்ல வாக்கியங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவது குழந்தைக்கு நல்லது.

"தம்பி," என்றேன், "அவ உங்கள வாய் நெறைய அப்பான்னு கூப்பிடணும்னு நீங்க ஆசைப்பட்டதுல ஒரு தப்பும் இல்ல. அதப் பத்தி நாளைக்கி எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுவோம். இப்ப அவளுக்கு எங்கயோ வலிக்குதுன்னு எனக்குத் தோணுது. எங்கன்னு என்னால இங்கேருந்து சொல்ல முடியல. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, உங்களாலயும் முடியல. அவகிட்டதான் கேக்கணும். கேக்கறதுக்கு அது வேணும்."

அவர் மகளைப் பார்த்தார். அவள் மறுபடி தலையைச் சுவரில் மோதினாள். எழுந்து போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது.

"கையில திணிக்காதீங்க," என்றேன். "பக்கத்துல வச்சிட்டுத் தள்ளி வாங்க."

மகிழினி டேப்பைப் பிடுங்கினாள். அவளுக்குப் பிடித்த ஊஞ்சல் பக்கத்துக்கோ தின்பண்டப் பக்கத்துக்கோ போகவில்லை. தப்பான பக்கத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி தேடினாள். கடைசியில் டேப்பிலிருந்து சுதாவின் குரல் தெளிவாக வந்தது.

"பூச்சி."

"பூச்சியா?" குமரவேல் தரையைச் சுற்றிப் பார்த்தார். "இங்க ஏது பூச்சி?"

மகிழினி பின்னால் போய் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்.

"காது."

திரும்பவும் தோட்டத்துக்குப் போனாள். "பூச்சி." திரும்பவும் உடம்புக்கு வந்தாள். "காது."

அதுவரை ஒரு நேரத்தில் ஒரு சொல்லுக்கு மேல் அவள் சொன்னதில்லை. தன் குரலிலேயே மகள் சொன்னதைச் சுதா முதலில் புரிந்துகொண்டாள். "ஐயோ, காதுக்குள்ள என்னமோ போயிருக்குங்க!" என்று கத்தியபடி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். குமரவேல் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"ரெண்டு பேரும் நில்லுங்க!" நானும் கத்திவிட்டேன். "எதையும் உள்ள விடாதீங்க. எதையும் ஊத்தாதீங்க. வண்டியப் புடிச்சு நேரா கும்மோணத்துக்குப் போங்க, காது டாக்டர்கிட்ட. டேப் அவ கையிலயே இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சும்மா விரல் போன படத்தை அமுக்கியிருந்தால்? ஒரு குழந்தை தொட்ட இரண்டு படத்தை நம்பி, அறுப்பு நாளில் ஒரு குடும்பத்தை ஊர் விட்டு ஊர் விரட்டியிருக்கிறேன். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நம்பி ஏமாந்தால் ஒரு நாள் அலைச்சல். நம்பாமல் விட்டு, அவள் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால், அப்புறம் எந்தப் படத்தையும் அவள் தொட மாட்டாள். இப்படி இரண்டும் கெட்டான் நேரத்தில் குழந்தையின் பக்கம் சாய்ந்துவிடுங்கள்.

சாயங்காலம் குமரவேல்தான் கூப்பிட்டார்.

"வண்டு மேடம். சின்னதா, கறுப்பா, உயிரோட இருந்துச்சு. அறுப்பு சமயத்துல லைட்டுக்கு வந்து மொய்க்குமே, அது. காதுக்குள்ள புண்ணாயிடுச்சாம், மருந்து குடுத்திருக்காங்க. வண்டியிலயே தூங்கிட்டா."

"நல்லதுப்பா. தூங்கட்டும்."

அவர் போனை வைக்கவில்லை.

"நேத்து என் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு பீரோகிட்ட போனா மேடம். என் கைய எடுத்துப் பூட்டு மேல வச்சா. வந்ததுலேருந்து நேத்துதான் அவளா என்னைத் தொட்டா. நான் டேப்புக்கு அழுவுறான்னு நெனச்சு அதட்டி விட்டுட்டேன்."

வேண்டியதன் மேல் நம் கையை வைத்துக் காட்டுவதுதான் அவளுடைய பழைய பேச்சு என்று உங்களுக்குச் சொன்னேன். ஐந்து வயதில் பேசிய அந்தப் பேச்சுக்கே திரும்பிப் போய் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். குமரவேல் அழுதார். "வலிக்கும்போது உங்ககிட்டதான் வந்திருக்கா தம்பி" என்றேன். அது அவருக்காகச் சொன்ன சமாதானம் இல்லை, நடந்தது அதுதான்.

அடுத்த வகுப்பில் மூன்று பேருமாக உட்கார்ந்து அந்த டேப்பை ஒருமுறை முழுதாகப் பார்த்தோம். தண்ணீர், சோறு, பிஸ்கட், ஊஞ்சல். கேட்டால் நாம் கொடுத்துவிடக் கூடிய சொற்களாகவே நிரம்பியிருந்தது. நமக்குச் சங்கடமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. 'வலிக்குது' என்று சேர்த்தோம். 'வேண்டாம்', 'நிறுத்து', 'போ' சேர்த்தோம். குமரவேல் தன்னைப் படம் எடுக்கச் சொல்லி 'அப்பா' என்று ஒரு கட்டமும் போட்டுக்கொண்டார். குரல் சுதாவுடையதாகவே இருக்கட்டும், மகிழினிக்கு அதுதான் பழக்கம் என்று அவரே சொன்னார். சேர்ப்பதற்கு முன் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அவள் இந்தச் சொற்களைச் சொன்னால், அது நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்த நிமிஷமே கேட்க வேண்டும். உங்களுக்கும் அதே நிபந்தனைதான். 'வேண்டாம்' என்று குழந்தை சொன்ன பிறகும் "இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணா" என்று கொஞ்சாதீர்கள்.

அவளுக்குப் பேச்சு வந்ததா என்று கேட்பீர்கள். இப்போது பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பெண்ணாக வளர்ந்துவிட்டாள். எப்போதாவது "ம்மா" என்று வரும், சில நாள் அதுவும் வராது. டேப்பில் நீளமாகப் பேசுகிறாள், வகுப்புத் தோழிகளைப் பற்றிக் கோள்கூடச் சொல்கிறாள். ஆட்டிசத்தை நீக்கிக் காட்டுகிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் வேலைக்குப் போகாதீர்கள். நம்மால் ஆவது அது இல்லை.

நான் சொல்ல வந்தது குமரவேலின் லீவு முடிகிற சமயத்தில் நடந்தது. ஒரு காலையில் அவரே வீடியோவில் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. மூச்சு வாங்கியது.

"மேடம், என்கிட்ட பேசிட்டா மேடம்!"

"என்னப்பா சொன்னா?"

"கூடத்துல உக்காந்து பாட்டில் மூடியெல்லாம் வரிசையா அடுக்கிக்கிட்டிருந்தா. நானும் போய் ஒண்ண எடுத்து வச்சேன். என்னை நிமிந்து பாத்தா மேடம், நேரா மூஞ்சியப் பாத்தா. டேப்ப எடுத்தா. 'அப்பா'ன்னு அமுக்கினா. எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. அடுத்தது அமுக்கினா. 'போ.'"

"அடடா."

"'அப்பா, போ'ங்கிறா! அதுவும் சுதா குரல்ல! கல்யாணமாயி இத்தனை வருஷத்துல சுதாவே என்னை அப்படிச் சொன்னதில்ல மேடம்." வீட்டுக்குள்ளிருந்து நிஜமான சுதா சிரிப்பது கேட்டது.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எழுந்து வெளியில வந்துட்டேன். சொன்னா கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் நின்றிருந்த களத்தில் அறுத்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. தலையில் துண்டுகூடப் போடாமல் தை மாத வெயிலில் நின்றபடி, மகள் தன்னைத் துரத்திவிட்ட கதையைக் குமரவேல் முதலிலிருந்து இன்னொரு முறை சொல்ல ஆரம்பித்தார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.